பவளப்பாறைக்கு நோய் வந்தால்...

பவளம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? செவ்வாய்க்குப் பரிகாரமாக ஜோசியர் போடச் சொல்லும் மோதிரம். இல்லையென்றால் கல்யாண வீட்டில் ஏதோ ஒரு பாட்டியின் கழுத்தில் பார்த்த பவள மாலை. அந்தச் சிவப்புப் பவளம் நகைக்கடைச் சமாச்சாரம். நான் எழுத வந்தது அதன் தூரத்துச் சொந்தத்தைப் பற்றி. கரையோரக் கடலில், வெயில் இறங்கும் ஆழத்தில், ஊர் மாதிரிப் பரந்து கிடக்கும் பவளப்பாறைகள். அதிலும் அவற்றுக்கு வரும் நோய்கள்.

"பி.காம் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு இது எதுக்குலே?" என்று வகுப்பில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கை ஒழுங்காகப் படிக்கச் சொல்லி இலவச ஆலோசனையும் கிடைத்தது :-)

எனக்குக் காரணம் இருக்கிறது நண்பர்களே. எங்கள் ஊர் தூத்துக்குடி. அப்பா ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். என் காலேஜ் ஃபீஸும் அதில்தான். அதே ஊருக்கு எதிரே, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. காலேஜில் எல்லாருக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் பேப்பருக்காகப் பவளப்பாறை நோய்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பேப்பர் முடிந்துவிட்டது, படிப்பது நிற்கவில்லை. ஏனென்றால் அந்தக் கதையில் கொஞ்ச தூரம் போனதும் கப்பல் வந்துவிட்டது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

பாறை இல்லை, குடியிருப்பு

பவளப்பாறை என்பது பேருக்குத்தான் பாறை. ஒவ்வொரு பவளமும் ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழும் காலனி. அந்தக் குட்டி உயிருக்குப் பாலிப் என்று பெயர். ஜெல்லிமீனுக்கு உறவு. மெத்தென்ற உடம்பு, நடுவில் ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். அவ்வளவுதான் ஆள். ஆனால் கடல்நீரில் கரைந்திருப்பதை எடுத்துத் தனக்கு அடியில் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்ளும். ஒரு தலைமுறை கட்டியதன் மேல் அடுத்த தலைமுறை கட்டும். நூற்றுக்கணக்கான வருடங்களில் அது பாறைத் திட்டாகிவிடும்.

பாலிப்பின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலை வைத்துச் சமைத்து, சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடும். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரர்களின் உபயம்தான். இது போக, பவளத்தின் மேல் சளி மாதிரி ஒரு படலம் உண்டு. அதில் ஏராளமான பாக்டீரியாக்கள். நம் குடலில் நல்ல கிருமிகள் இருப்பது போல, அவற்றில் பல காவல்காரர்கள்.

இதைக் கணக்குப் பாஷையில் சொன்னால் நம் வகுப்புக்குச் சட்டென்று புரியும். அடியில் கிடக்கும் சுண்ணாம்பு எல்லாம் நிலையான சொத்து. மேலே சில மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் உயிருள்ள திசுதான் நடப்பு மூலதனம். நோய் வந்தால் போவது அந்த மெல்லிய படலம். கட்டடம் அப்படியே நிற்கும், உள்ளே கம்பெனி இருக்காது.

வெளுப்பது வேறு, நோய் வேறு

இந்த இரண்டையும் செய்திகளில் அடிக்கடி குழப்பிவிடுகிறார்கள். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் குடித்தனக்காரர்களை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். இது வெளுப்பு. அப்போதும் பாலிப் உயிரோடு இருக்கிறது, பட்டினியில் இருக்கிறது, அவ்வளவுதான். சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்ப வரும், பவளமும் பிழைக்கும். கையில் காசில்லாமல் தடுமாறும் கம்பெனி மாதிரி.

நோய் அப்படி இல்லை. திசுவே அழுகி உரிந்து போகும். அந்த இடத்தில் தெரியும் வெள்ளை, உயிர் போன வெள்ளை. சில நாளில் அதன் மேல் பாசி படர்ந்து பழுப்பாகிவிடும். இது திவால். ஒரு கிளையில் தொடங்கினால் பக்கத்துக் கிளைக்கு, பிறகு பக்கத்துக் காலனிக்கு என்று நகரும்.

ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டினி கிடந்து எழுந்தவனைக் காய்ச்சல் சுலபமாகப் பிடிக்கும் இல்லையா? வெளுத்துப் பிழைத்த பவளங்களை நோய் பிடிப்பதும் அப்படித்தான்.

பெயர் வைப்பதே ஒரு பிரச்சினை

பவள நோய்களை அறிவியல் கவனிக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. கரீபியன் கடலில் 'கறுப்புப் பட்டை நோய்' பற்றி ஆர்ன்ஃப்ரீட் அன்டோனியஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1973-இல் விவரித்ததுதான் ஆரம்பம். பிறகு வெள்ளைப் பட்டை, மஞ்சள் பட்டை, வெள்ளை அம்மை என்று வரிசையாக வந்தன. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து வைத்த பெயர்கள். உள்ளே எந்தக் கிருமி என்பது பெயரில் இல்லை. நம் ஊரில் உடம்பு சுட்டால் எல்லாமே 'காய்ச்சல்' ஆகிவிடுகிறதே, அதே கதைதான்.

ஒரு நோய்க்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று சொல்ல மருத்துவத்தில் ஒரு பழைய பரீட்சை உண்டு. ராபர்ட் கோக் காலத்தது. நோயாளியிடம் அந்தக் கிருமி இருக்க வேண்டும். அதைத் தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும். வளர்த்ததை ஆரோக்கியமான உயிருக்குக் கொடுத்தால் அதே நோய் வர வேண்டும். அதிலிருந்து அதே கிருமியைத் திரும்பவும் எடுக்க வேண்டும். கேட்கச் சுலபம். பவளத்தின் உடம்பிலோ ஒரு சந்தைக் கூட்டமே இருக்கிறது. அதில் பெரும்பாலான நுண்ணுயிர்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவே முடியாது. கூட்டத்தில் யார் திருடன், யார் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று பிரிப்பதற்குள் பாறை செத்துவிடுகிறது.

இந்தப் பரீட்சையில் ஒரு கிருமி வசமாக மாட்டிய கதை ஒன்று உண்டு. அது நம்மைப் போன்றவர்களின் கழிவறையில் தொடங்குகிறது.

வெள்ளை அம்மை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக்குத் தெற்கே வால் போல நீளும் தீவுக்கூட்டம் ஃப்ளோரிடா கீஸ். அங்கே கடமான் கொம்பு மாதிரி அகன்ற கிளைகள் உடைய ஒரு பவளம் காடு போல இருந்தது. 1996-இல் கீ வெஸ்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்தப் பவளத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தோன்றின. அம்மை போட்ட மாதிரி. சில வருடங்களில் அந்த இனத்தின் உயிருள்ள பரப்பில் 70 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது.

2002-இல் கிருமி பிடிபட்டது. செராட்டியா மார்செசன்ஸ். மனிதக் குடலில் இருப்பது, ஆஸ்பத்திரிகளில் தொற்று உண்டாக்குவது. இது எப்படி நடுக்கடல் பவளத்துக்குப் போனது? கேத்ரின் சதர்லாண்டும் கூட்டாளிகளும் விடவில்லை. மனிதக் கழிவுநீரிலிருந்து எடுத்த அதே வகைக் கிருமியை ஆய்வுத் தொட்டியில் நல்ல பவளத்தின் மேல் வைத்தார்கள். சில நாட்களிலேயே அம்மை போட்டது. 2011-இல் இதை வெளியிட்டார்கள். மனிதனிடமிருந்து கடலின் முதுகெலும்பில்லாத உயிர் ஒன்றுக்கு நோய் தாவியதற்கு முதல் நிரூபணம் அது. விலங்கிலிருந்து மனிதனுக்கு வந்த நோய்களைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். நாம் கொடுத்தது அதிகம் பேசப்படுவதில்லை.

அந்தத் தீவுகளில் அப்போது பல வீடுகளுக்குச் செப்டிக் டேங்க்கும் வெறும் கழிவுக்குழியும்தான். தரையோ ஓட்டை நிறைந்த சுண்ணாம்புப் பாறை. கழிவுநீர் கடலுக்குப் போக அதிக நேரம் ஆகாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரிக்க வேண்டும் என்று அந்தத் தீவுகளுக்கான சட்டம் 1999-இலேயே வந்துவிட்டது. கிருமியின் பெயர் தெரிவதற்கு மூன்று வருடம் முன்னால். நிரூபணத்துக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். கழிவு கடலுக்குப் போகிறது, அது நல்லதில்லை என்பது தெரிந்திருந்தது. குழாய் போட அந்த அளவு போதும்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. பின்னாளில் அதே பவளத்தில் அதே மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தபோது சோதித்தார்கள். பல இடங்களில் செராட்டியா இல்லவே இல்லை. புண் அதே புண், ஆள் வேறு. ஒரு கிருமியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

2014: பெயர் தெரியாத கொலைகாரன்

இப்போது பெரிய கதை. அதே ஃப்ளோரிடா. 2014 செப்டம்பரில் மயாமிக்கு எதிரே வர்ஜீனியா கீ என்ற தீவுக்கு அருகே சில பவளங்களின் திசு வேகமாக உரிவதைக் கவனித்தார்கள். இதற்கு இப்போது 'ஸ்டோனி கோரல் டிஷ்யூ லாஸ் டிசீஸ்' என்று பெயர். தமிழில் கல்பவளத் திசு இழப்பு நோய் எனலாம். (பாருங்கள், மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பெயர்!)

வழக்கமான பவள நோய்கள் ஒன்றிரண்டு இனங்களைத் தாக்கும், பருவம் மாறினால் அடங்கும். இது அடங்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கியது. மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் மூளைப் பவளம், கோபுரம் கோபுரமாக எழும் தூண் பவளம் எல்லாம் முதல் வரிசையில் போயின. சின்னக் காலனி சில வாரங்களில் முடிந்துவிடும். பல நூறு வருடம் வளர்ந்த பெரிய காலனிக்குச் சில மாதங்கள். தூண் பவளத்தை உலகப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யூ.சி.என். 2022-இல் மிகவும் ஆபத்தான நிலைப் பட்டியலில் சேர்த்தது. 1990-க்குப் பிறகு அதன் எண்ணிக்கை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது.

காரணம் யார்? பத்து வருடத்துக்கு மேல் தேடியும் ஒரே கிருமியின் மேல் விரல் வைக்க முடியவில்லை. ஆன்டிபயாடிக் போட்டால் புண் நிற்கிறது, அதனால் பாக்டீரியாவுக்கு ஏதோ பங்கு உண்டு. உள்ளே குடியிருக்கும் பாசிகளைத் தாக்கும் வைரஸாக இருக்கலாம் என்றும் ஒரு தரப்பு சொல்கிறது. இரண்டும் சேர்ந்த கூட்டணியாகவும் இருக்கலாம்.

ஆனால் ஆள் யார் என்று தெரியாவிட்டாலும் அவன் எந்தப் பாதையில் வருகிறான் என்பது தெரிய ஆரம்பித்துவிட்டது. இங்கேதான் நம் ஊர் விஷயம் உள்ளே வருகிறது.

எப்படிப் பரவுகிறது?

நோய்ப்பட்ட பவளம் நல்ல பவளத்தைத் தொட்டால் பரவும். தொடாமலே தண்ணீர் வழியாகவும் பரவும். நோய்ப்பட்ட பவளத்துக்கு அடியில் கிடந்த வண்டல் பட்டாலும் பரவும் என்று 2022-இல் சோதனையில் காட்டினார்கள். இதெல்லாம் பக்கத்து வீட்டுப் பரவல்.

ஆனால் 2018-இல் ஜமைக்காவிலும் மெக்சிகோவின் கரீபியன் கரையிலும் இதே நோய் தெரிந்தது. 2019-இல் வர்ஜின் தீவுகள், டொமினிகன் குடியரசு, பெலீஸ், பஹாமாஸ். 2020-இல் கேமன் தீவுகளும் ஹோண்டுராஸின் ரோவாட்டன் தீவும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் பகுதியின் பெரிய நீரோட்டம் கரீபியனிலிருந்து மெக்சிகோ பக்கமாக வந்து ஃப்ளோரிடாவைத் தாண்டி வடக்கே போகிறது. நோயோ ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிற மாதிரி, ஓட்டத்துக்கு மேல்புறம் இருக்கும் ஊர்களில் முளைத்தது. நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் தாண்டி. தண்ணீர் தானாக அப்படிப் போகாது. யாரோ தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? இதற்குப் பதில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல தடவை அடிபட்ட வார்த்தை. பேலஸ்ட் தண்ணி.

தெரியாதவர்களுக்காக: சரக்கை இறக்கிய கப்பல் காலியாகப் போனால் தண்ணீரில் நிலையாக நிற்காது, ஆட்டம் போடும். அதனால் அடியில் இருக்கும் தொட்டிகளில் அந்தத் துறைமுகத்துக் கடல்நீரையே நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதை வெளியே விட்டுவிடும். பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான டன் தண்ணீர். அதோடு முட்டை, லார்வா, பாசி, பாக்டீரியா எல்லாம் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யும்.

பஹாமாஸில் ஆராய்ந்தவர்கள் நோய் கண்ட இடங்கள் பெரிய வணிகத் துறைமுகங்களை ஒட்டி இருப்பதைப் பார்த்தார்கள். 2019-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே பேலஸ்ட் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருக்கும்படி கப்பல்களுக்கு அறிவிப்பு விட்டது. 2022-இல் இன்னொரு சோதனை. நோய்ப்பட்ட தண்ணீரைக் கப்பல் தொட்டியில் இருப்பது போல வைத்திருந்து, பிறகு நல்ல பவளத்தின் மேல் விட்டார்கள். தொற்றியது. கப்பல்தான் கொண்டுபோனது என்று கோர்ட்டில் நிரூபிக்கிற அளவுக்கு இது சாட்சி இல்லை. ஆனால் கொண்டுபோக முடியும் என்பது உறுதி.

இதைப் படித்த அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கப்பல்ல எலி வரும், கரப்பான் வரும், காய்ச்சல் வரும். தண்ணியில என்ன வருதுன்னு யாருடா பாத்தா?" என்றார். யோசித்துப் பார்த்தால், குவாரண்டைன் என்ற வார்த்தையே வெனிஸ் நகரத்தில் கப்பல்களை நாற்பது நாள் கரைக்கு விடாமல் நிறுத்தி வைத்ததிலிருந்து வந்ததுதான். பிளேக் எந்தக் கிருமியால் வருகிறது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. எதில் வருகிறது என்று தெரிந்தது. நிறுத்தினார்கள்.

2020-இல் பரீட்சையே எழுதாமல் ஒன்பதாம் வகுப்பு பாஸ் ஆன தலைமுறை நாம். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை :-)

கிருமி விதை, சூழல் மண்

பரவும் பாதை ஒரு பக்கம். வந்த நோய் வேர் பிடிப்பதற்கு நிலம் வேண்டுமே. அது என்னென்ன என்று ஓரளவு நன்றாகவே தெரியும்.

முதலாவது சூடு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 1,500 கிலோமீட்டர் நீளத்துக்கு 48 திட்டுகளை ஆறு வருடம் தொடர்ந்து பார்த்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கத்தை விடச் சூடான வருடங்களுக்குப் பிறகு நோய் கூடியது. அதிலும் பவளம் நெருக்கமாக இருந்த இடங்களில்தான் பெரிதாக வெடித்தது. நெரிசலான தெருவில் காய்ச்சல் பரவுவது போல.

இரண்டாவது பிளாஸ்டிக். ஆசிய-பசிபிக் பகுதியில் 159 திட்டுகளில் 1,24,000-க்கும் மேற்பட்ட பவளங்களைச் சோதித்து, 2018-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் இருக்கும் வாய்ப்பு 4 விழுக்காடு. பிளாஸ்டிக் சிக்கிய பவளத்துக்கு 89. பை உரசிப் புண்ணாக்குகிறது, வெளிச்சத்தை மறைக்கிறது, கிருமிகளையும் சுமந்து வருகிறது.

மூன்றாவது சேறு. டிரெட்ஜிங், அதாவது தூர்வாரும்போது கிளம்பும் சேறு பவளத்தின் மேல் படிந்தால் அதைத் தள்ளிவிடுவதிலேயே அதன் சக்தி தீர்ந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு டிரெட்ஜிங் வேலைக்குப் பிறகு, சேறு அதிகம் பட்ட இடங்களில் நோய் இரண்டு மடங்காக இருந்தது என்று 2014-இல் வெளியிட்டார்கள்.

மயாமியில் என்ன நடந்தது? பனாமா கால்வாயை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் வரப்போகும் பெரிய கப்பல்களுக்காக மயாமி துறைமுகத்தை 2013-இலிருந்து 2015 வரை ஆழப்படுத்தினார்கள். 2014 கோடையில் தண்ணீரும் கடும் சூடு, பவளம் வெளுத்தது. அந்தச் செப்டம்பரில் நோய். டிரெட்ஜிங்தான் நோயைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றி அங்கே பெரிய சண்டையே நடந்தது. செத்த பவளத்தில் எத்தனை சேற்றால், எத்தனை நோயால் என்று இரு தரப்பும் கணக்குப் போட்டன. ஆனால் சூடு, சேறு, நோய் மூன்றும் ஒரே வீட்டு வாசலில் ஒரே நேரத்தில் வந்து நின்றன என்பதில் சண்டை இல்லை.

மருந்து உண்டா?

உண்டு, ஆனால் கை வைத்தியம். நமக்குப் பல்வலிக்குக் கொடுக்கிற அதே அமாக்ஸிசிலினை ஒரு பசையில் குழைத்து, டைவர்கள் கடலுக்குள் இறங்கி ஒவ்வொரு புண்ணின் ஓரத்திலும் தடவுகிறார்கள். புண் பெரும்பாலும் நிற்கிறது. அடுத்த மாதம் வேறு இடத்தில் வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நோயை எதிர்த்து நின்ற ஒரு பவளத்தில் இருந்த நல்ல பாக்டீரியாவை எடுத்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் சோதனையும் நடந்திருக்கிறது. நோய் வந்து சேராத இடங்களிலிருந்து பவளங்களை முன்கூட்டியே எடுத்து, அமெரிக்கா முழுக்கப் பல மீன் காட்சியகங்களில் வைத்து வளர்க்கிறார்கள். ஒரு கடலையே பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கிற முயற்சி.

2023 கோடையில் ஃப்ளோரிடா கடல் கொதித்தது. அம்மையிலிருந்து தப்பி மிச்சமிருந்த கடமான் கொம்புப் பவளமும் அதன் சொந்தமான மான் கொம்புப் பவளமும் கீஸ் பகுதியில் கிட்டத்தட்ட முழுசாகச் செத்தன. இயற்கையில் இருந்தும் பயனில்லாத நிலைக்கு வந்துவிட்டன என்று 2025-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். கழிவுநீர்க் குழாய் போட்டும் காப்பாற்ற முடியவில்லையா என்று கேட்கலாம். ஒரு கதவைப் பூட்டினார்கள், வேறு கதவு திறந்து கிடந்தது. பூட்டிய கதவு தப்பு என்று ஆகாது.

யார் கணக்கில் எழுதுவது?

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். பொருளாதாரப் பேப்பரில் பிகு என்ற பெயர் வரும், ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் செய்யும் தொழிலின் செலவு, அந்தத் தொழிலில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதைப் பற்றி அவர் எழுதினார். பரீட்சைக்கு நாம் எழுதும் உதாரணம் எப்போதும் தொழிற்சாலைப் புகைதான். பவள நோய் அதை விட நல்ல உதாரணம்.

கப்பலுக்கு பேலஸ்ட் தண்ணீரைச் சுத்திகரிக்க இயந்திரம் வாங்கினால் செலவுக் கணக்கில் வரும். வாங்காவிட்டால் மிச்சம். அந்த மிச்சத்தால் எங்கேயோ ஒரு தீவில் பவளத்திட்டு செத்தால், அது எந்தக் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கிலும் வராது. செத்த திட்டு கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கும். திட்டு இருந்தவரை அலையின் வேகத்தைத் தடுத்தது. உலகம் முழுக்கக் கிடைத்த அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்த 2014 ஆய்வு ஒன்று, பவளத்திட்டுகள் அலையின் சக்தியில் சராசரியாக 97 விழுக்காட்டைக் குறைப்பதாகச் சொன்னது. திட்டு போனால் அந்த அலை நேராகக் கரைக்கு வரும். செலவு, கரையில் குடிசை போட்டிருப்பவர் கணக்கில் எழுதப்படும். அவரிடம் கணக்குப் புத்தகம் இருக்காது.

கணக்கியலில் 'கன்சர்வேடிசம்' என்று ஒரு விதி உண்டு. லாபம் வந்தபிறகு எழுது, நஷ்டம் வரக்கூடும் என்று தெரிந்தாலே ஒதுக்கி வை. வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யும்போது எந்த வாடிக்கையாளர் ஏமாற்றுவார் என்று பெயர் கேட்பதில்லை. யாரோ சிலர் ஏமாற்றுவார்கள் என்பது போதும். கிருமியின் பெயர் தெரிந்த பிறகுதான் நடவடிக்கை என்று சொல்பவர்களுக்கு முதல் வருட அக்கவுண்டன்சி புத்தகத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

நம்ம கடல்

எங்கள் பக்கத்து மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். எந்தப் பாரில் எந்த மீன் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் தாத்தா வீட்டுப் பழைய சுவரில் பூ பூவாகத் தெரியும் கற்கள் அவைதான். 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்தன. 2005 வாக்கில் வெட்டுவது நின்றது. பார்கள் கொஞ்சம் தேறின. 2016 கோடைச் சூட்டில் மறுபடி அடி. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு அந்த ஒரு வருடத்தில் சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23-க்கு இறங்கியது. கறுப்புப் பட்டை உட்பட சில நோய்களையும் இங்கே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஃப்ளோரிடா கதையில் பார்த்த மண் எல்லாம் இங்கேயும் இருக்கிறது. சூடு, கழிவுநீர், பிளாஸ்டிக், சேறு. துறைமுகமும் இருக்கிறது. துறைமுகத்தை மூடு என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது என்பது மட்டும் காரணம் இல்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு.

ஆனால் செய்ய முடிந்தது இருக்கிறது. பேலஸ்ட் தண்ணீருக்கான உலக ஒப்பந்தம் 2004-இல் எழுதப்பட்டு, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வருடம்! அதன்படி ஒவ்வொரு கப்பலிலும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். எங்கே தண்ணீர் எடுத்தாய், எங்கே மாற்றினாய், எங்கே விட்டாய் என்று தேதியோடு. அதாவது வரவு செலவு நோட்டு.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. இந்தோனேசியாவில் ஸ்பெர்மாண்டே தீவுகளில் 8,000-க்கும் மேற்பட்ட பவளங்களைப் பார்த்தார்கள். பக்கத்தில் கடற்புல் வெளி இருந்த இடங்களில் நோய் பாதிதான். மனிதக் கழிவுக் கிருமிகளும் அங்கே பாதியாகக் குறைந்திருந்தன. 2017-இல் வந்த ஆய்வு. மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் இருக்கிறது. காசு கேட்காத சுத்திகரிப்பு நிலையம். அதை இழுவலையால் சுரண்டாமல் விட்டால் போதும்.

அடுத்த வருடம் டிகிரி கையில் வந்தால் நானும் பெரும்பாலும் ஏதாவது ஒரு கப்பல் ஆபீஸில்தான் உட்காருவேன். இங்கே பி.காம் படித்தவனுக்கு இருக்கிற வழி அதுதான், எனக்கு அதில் வருத்தமும் இல்லை. கப்பல் வருவதற்கு முன்னால் வரும் காகிதக் கட்டில் பேலஸ்ட் விவரமும் ஒரு தாளாக இருக்கும். முத்திரை குத்தி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுகிற தாள். அதைக் கையில் வாங்குகிற ஆள் கடல் உயிரியல் படித்தவராக இருக்கமாட்டார். என்னைப் போல, உங்களைப் போல ஒரு பி.காம் ஆசாமிதான். கூட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்க நமக்கு மூன்று வருடம் சொல்லித் தருகிறார்கள். அந்தத் தாளையும் ஒரு தடவை கூட்டிப் பார்ப்போமே.

டிஸ்கி: மேலே சொன்ன திசு இழப்பு நோய் கரீபியன் பக்கத்துக் கதை. மன்னார் வளைகுடாவில் வந்துவிட்டதாக யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். பவளத்துக்கு நோய் வந்தால் மீன் சாப்பிடலாமா என்று கேட்ட நண்பனுக்கு: இது பவளத்தின் நோய், தாராளமாகச் சாப்பிடு. எனக்கும் ஒரு தட்டு சொல்லு :-)